ஊதாப் பொட்டு வைத்த அம்புகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் நான் கட்சால் தீவில் நர்ஸாக இருந்தேன். ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரி. தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, பின்னால் நான் தங்க ஓர் அறை. கப்பல் வந்தால் டாக்டர் வருவார். கப்பல் வராவிட்டால் அவரும் இல்லை. மற்ற நாளெல்லாம் நானும் கூடமாட இருந்த ஆயாவும்தான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் எல்லோரும் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். அங்கே நர்ஸுக்கு அதுதான் பெயராம். நான் தென்காசிப் பக்கத்துக்காரி. அவர்கள் பேசும் தமிழ் எனக்குப் புரிந்தது. பேசாமல் விட்டதுதான் புரியவில்லை. நான் போய் நின்றால் பேச்சு அறுந்துவிடும். என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. பயிற்சியில் இருந்தபோது பக்கத்து வார்டில் லேபிள் மாறிய பாட்டிலால் ஒரு நோயாளி இறந்துபோனதைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு முகர்ந்து பார்க்காமல் எந்த மருந்தையும் ஊற்றியதில்லை. மனிதர்களிடமும் அதே கதைதான்.

அம்மன் திருவிழா முடிந்த மறுநாள் தோட்டத்து ஆண்கள் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். படையாட்டம் என்று பெயர். பாதி கூத்து, பாதி சண்டை. ஒரு ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். நாட்டைப் பங்கு போடுவதில் தகராறு. அண்ணன் படை, தம்பி படை என்று பிரிந்துகொள்வார்கள். மந்திரி, தளபதி, தூதன், ஒற்றன் என்று ஆளுக்கொரு வேடம். மேடை கிடையாது, எழுதிவைத்த பாட்டும் பேச்சும் கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவரவர் வேடத்திலேயே இருக்க வேண்டும். பெண்டாட்டி வந்து கூப்பிட்டாலும் தளபதி தளபதியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வில்லும் அம்பும் மட்டும் நிஜம். பிரம்பில் அம்பு. பால் பிடிக்கும் சிரட்டையில் ஒட்டிக் காய்ந்துபோகும் ரப்பரை ஒட்டுப்பால் என்பார்கள். அதை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி அம்பின் நுனியில் குமிழாக வைத்திருப்பார்கள். குமிழை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எய்ய வேண்டும். மேலே மஞ்சள் பட்டவன் செத்தவன். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். எதிரியின் கொடியைப் பிடுங்கும் படைக்கு வெற்றி. யார் ஜெயிப்பார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

நான் வருவதற்கு முந்தின வருடம் ஓர் அம்பின் குமிழ் கழன்று, வெறும் பிரம்பு ஒருவரின் கண்ணிமையைக் கிழித்திருந்தது. அதனால் இந்த முறை மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வடக்கத்திக்காரர். "சிஸ்டர், ஏக் ஆத்மி கோ பி சோட் லகா, தோ கேல் பந்த்" என்றார். ஓர் ஆளுக்கு அடிபட்டாலும் விளையாட்டுக்குத் தடை. ஒவ்வொரு அம்பையும் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் களத்துக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். ஊசி போடத் தெரிந்தவளுக்கு அம்பும் தெரியும் என்று எப்படி முடிவு செய்தாரோ.

வில்லும் அம்பும் செய்பவர் தோட்டத்து ஆசாரி. தம்பி ராஜா வேடமும் அவருக்குத்தான். நாற்பது வயதிருக்கும்; கேட்டதற்குப் பாதி பதில் சொல்லி மீதியை மென்றுவிடுவார். அவருடைய பட்டறைக்குப் போய் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்தேன். வில்லை வளைத்து, பிடி இருக்கும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். நாணை நகத்தால் நீவி, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அம்பைக் காதருகே வைத்து லேசாக வளைத்தால் உள்ளே வெடிப்பு இருக்கும் பிரம்பு முனகும், அதையும் கேட்டேன். கடைசியாகக் குமிழை இழுத்து, திருகிப் பார்த்தேன். கண்ணிமைக் கதைதான் மனதில் இருந்தது. அறுபது அம்புகளில் பதினொன்றின் குமிழ் என் விரலில் சுழன்றது. அவற்றை ஒதுக்கிவிட்டு, தேறியவற்றின் வால்பக்கம் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, வாய்ப்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைத்தேன்.

ஆசாரி அந்தப் பதினொன்றையும் எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து ஒடித்தார்.

"மிஸ்ஸி திருகுன திருகுல கழண்டுச்சு. களத்துல யாரு வந்து திருகப் போறாக?" என்றார்.

பிரம்பு ஒடிந்த சத்தம் அன்று முழுவதும் காதில் இருந்தது. இந்த ஆள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் புது அம்புகள் தயாராகின. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் பலகை மாற்ற ஆசாரி போயிருந்தார். அவருக்கு ஒட்டுப்பால் கொண்டுவந்து குமிழ் உருட்டிக் கொடுத்தவர் அம்புகளை ஒவ்வொன்றாக என் கையில் தந்தார். பால் வெட்டுகிறவர், முப்பது வயது, போன வருடம்தான் கல்யாணமாகியிருந்தது. தம்பி படையின் கொடி அவர் பொறுப்பு. நான் இழுத்தேன், திருகினேன். ஒன்றுகூட அசையவில்லை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நம் கண்டிப்புக்குப் பலன் இருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரப்பர் சீட்டு காயவைக்கும் களத்தில் ஒத்திகை. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பால்வெட்டுக்காரரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். காரை எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முள்ளுங்க மிஸ்ஸி. ஓடையில குத்திருச்சு."

கையை எடுக்கச் சொன்னேன். சின்னதாக, வட்டமாக ஒரு துளை. ரத்தம் அதிகமில்லை. ஆனால் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள்.

"மஞ்சள் பூசின முள்ளா?" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். கூட வந்த இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். காயத்தைக் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிட்டு நேராகக் களத்துக்குப் போனேன். எல்லா அம்பையும் கூடையில் பொறுக்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு குமிழ்களைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இருபதுக்கு மேல் பார்த்திருப்பேன். ஒன்றில் சுருக்கென்றது. பிளேடால் கீறினேன். பிரம்பின் நுனியில் நீளவாக்கில் ஓர் ஆணி இறங்கியிருந்தது. தலையைக் குறடால் நறுக்கி எடுத்திருந்தார்கள். அதே மாதிரி இன்னும் நான்கு. எல்லாவற்றின் வாலிலும் ஊதாப் பொட்டு.

என் பொட்டா அது? ஆணி வைத்த அம்பை நான் தேறவிட்டிருப்பேனா? அலமாரியைத் திறந்து ஊதா மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கால்வாசி குறைந்திருந்தது. நான் அவ்வளவு செலவழிக்கவில்லை. யாரோ மருந்தைத் திருடி என்னுடைய பொட்டைப் போலவே வைத்திருக்கிறார்கள். போன வாரம் உளி பட்ட விரலோடு ஆசாரி வந்திருந்தார். நான் பின்பக்கம் தண்ணீர் கொதிக்க வைத்தபோது அவர் இந்த அறையில் தனியாகத்தான் இருந்தார். ஆணி பட்டறையில் இருப்பது. குறடும் பட்டறையில் இருப்பது.

காரணம் மட்டும் தேவைப்பட்டது. அதையும் ஆயாவிடம் துருவிக் கேட்டேன். முப்பத்தைந்து வயது, கைக்குழந்தைக்காரி. எதையும் மூன்று தடவை கேட்டால்தான் சொல்வாள்.

"ஆசாரிக்கும் அந்தப் பையனுக்கும் ஏதாவது மனத்தாங்கல் உண்டா?"

"அதெல்லாம் பழைய கதைங்க மிஸ்ஸி."

"என்ன பழைய கதை?"

"அவரு கட்டியிருக்க புள்ளைய ஆசாரி தன் தம்பிக்குக் கேட்டிருந்தாரு. அவுக குடுக்கல. அம்புட்டுத்தான்."

எனக்கு அம்புட்டே போதும். அம்பை எய்தது எதிர்ப்படை. கீழே விழும் அம்புகளை யார் வேண்டுமானாலும் பொறுக்கி யார் மேல் வேண்டுமானாலும் எய்வார்கள். ஆசாரியின் ஆணி குறிப்பிட்ட ஒருவர் நெஞ்சுக்கு எப்படி வழி தெரிந்து போகும்? இந்தக் கேள்வி இப்போது எழுதும்போது எவ்வளவு எளிதாக வருகிறது. அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் துரத்திவிட்டிருப்பேன்.

மறுநாள் மானேஜர் அறையில் ஐந்து அம்புகளையும் மேஜை மேல் வைத்தேன். ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஒன்றைக் கையிலெடுத்து, கீறிய குமிழைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு ஏதோ. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

"நீங்க செஞ்ச அம்புதானே?" என்றேன்.

"பெரம்பு நான் செஞ்சது."

"ஆணி?"

அவர் அம்பை மேஜை மேல் திருப்பி வைத்தார். மானேஜர் இந்தியில் ஏதோ கத்தினார். விளையாட்டு முழுவதையும் நிறுத்தட்டுமா, இல்லை இவர் செய்தது என்று வைத்துக்கொள்ளட்டுமா என்பதுதான் அதன் சாரம். ஆசாரி என்னைப் பார்த்தார்.

"நான்னே வச்சுக்கங்க" என்றார்.

குற்றவாளி ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். அன்றே அவரைத் தீவின் அந்தக் கோடியில், புதிதாகக் காடு வெட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். படையாட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரிக்கு யாரும் வரவில்லை. பெண்கள் இருமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் ஒரே கூட்டு என்று தோன்றியது. என் சாப்பாட்டைக்கூட நானே சமைத்துக்கொண்டேன். ஆயா கொண்டுவந்த மீனை வாங்கி, அவள் போன பிறகு நாய்க்குப் போட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டாம் நாள் ஆயா தன் குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். தரையில் கிடந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நாக்கு, உதடு எல்லாம் ஊதா.

"இதென்ன?"

"வாயில புண்ணுங்க. பத்து நாளா சரியா பால் குடிக்கல. உங்ககிட்ட கேட்டா சத்தம் போடுவீகன்னு நானே கொஞ்சம் எடுத்துத் தடவிட்டேன்." பயந்துபோய்க் குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

கால்வாசி மருந்து அங்கே போயிருந்தது. அப்படியானால் அம்புகளில் இருந்த பொட்டு?  ஒரு சாட்சி போனால் என்ன, ஆணி இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பால்வெட்டுக்காரரை அவர் மனைவி அழைத்து வந்தாள். காய்ச்சல் கொதித்தது. துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கியிருந்தது. கட்டிலில் படுக்கவைத்து பென்சிலின் போட்டேன். மனைவி தண்ணீர் எடுக்க வெளியே போனதும் அவர் கேட்டார்:

"ஆசாரிய எப்பங்க திரும்பக் கூட்டியாருவாக?"

"உங்களைக் குத்தினவருக்காக நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவரு குத்தலங்க. ஆணிய நாந்தான் வச்சேன்."

எதற்கு என்றேன்.

"நீங்க திருகித் திருகிப் பாத்தீகல்ல, பதினொண்ணு போச்சு. புதுசா செஞ்சதுலயும் அஞ்சாறு சுத்துச்சு. நீங்க மறுக்கா கழிச்சுப்புட்டா அம்பே சரியில்லன்னு ஆட்டத்த நிறுத்திருவாகன்னு, ஆசாரி ஜெட்டிக்குப் போன நேரம் பாத்து ஆணிய எறக்கி, தலைய நறுக்கி, ஒட்டுப்பால மேல இழுத்துவிட்டேன். அப்பறம் ஒண்ணும் சுத்தல. நீங்களும் பொட்டு வச்சுட்டீக. எய்ய எய்ய பால் பின்னால ஒதுங்கி ஆணி முன்னால வரும்னு நான் நெனைக்கலிங்க."

"ஆசாரிக்கு இது தெரியுமா?"

"நறுக்குன ஆணித் தலைங்க பட்டறையில கெடந்துச்சு. பாத்திருப்பாரு. எம்பேரச் சொன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னு பேசாம இருந்துட்டாரு."

அவர் பொய் சொல்கிறாரோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். ஆனால் இரண்டாம் முறை சோதித்தபோது நான் என்ன செய்தேன் என்பது என் விரல்களுக்கே ஞாபகம் இருந்தது. இழுத்தேன், திருகினேன். ஒரு முறைகூட அழுத்திப் பார்க்கவில்லை. அந்தப் பொட்டுகள் அத்தனையும் என் கையால் வைத்தவை.

மத்தியானம் காடு வெட்டும் இடத்துக்கு அரிசி கொண்டுபோன டிராக்டரில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சேறு. ஆசாரி ஒரு மரத்தை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நான் தப்பு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அந்தப் பயலுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை. விட்டுவிடும்."

"என்னைய நீங்க சந்தேகப்பட்டீக. அது போகட்டும். அம்பை நெஞ்சுக்கு நேரா எய்யிறாக, நீங்க நுனிய அமுக்கிப் பாக்காம, திருகி மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னீகளே." டேப்பைச் சுருட்டினார். "நான் வந்தா யாரு மேலயும் மஞ்சத் தண்ணி படுறதுக்கு முந்தி ஓரம்பு உங்க மேல படணும். பொட்டு வைக்கிற ஆளு மேல. சம்மதமா?"

சம்மதம் என்றேன். திரும்பும் வழியில்தான் அந்த வார்த்தையின் கனம் உறைத்தது. இந்த மனிதரை நான் எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தியிருக்கிறேன். அவர் கையில் வில். எதிரில் நான்.

மானேஜரிடம், தவறு என் சோதனையில்தான், ஆசாரி மேல் குற்றமில்லை என்று சொன்னேன். "பிர் கீல் கிஸ்னே டாலா?" என்று கேட்டார். அப்படியானால் ஆணியை வைத்தது யார்? அந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். சந்தேகப்படுகிறவரின் பார்வை எதிரிலிருந்து எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஆட்டம் நடக்கட்டும் என்று ஆசாரியைத் திரும்ப அழைத்துவர ஆள் அனுப்பினார்.

படையாட்டத்தன்று காலை எல்லா அம்பையும் ஆசாரியும் நானும் சேர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு குமிழையும் அழுத்தினோம், உள்ளங்கையில் ஓங்கிக் குத்திப் பார்த்தோம். தேறியது நாற்பத்திரண்டு. யாரும் கழுத்துக்கு மேலே குறி வைக்கக் கூடாது, பத்தடிக்குள் நின்று எய்யக் கூடாது, நாணை மார்புக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஆசாரி இரண்டு படைக்கும் உரக்கச் சொன்னார். பிறகு களத்தின் நடுவில் நான் போய் நின்றேன். பெண்கள் பிள்ளைகளோடு ஓரத்தில் நின்றார்கள். எல்லோரும் கேட்கும்படி, ஆசாரி மேல் வீண்பழி போட்டது நான்தான் என்று சொன்னேன். 

ஆசாரி இருபதடி தள்ளி நின்று கூடையிலிருந்து ஓர் அம்பை எடுத்தார். எடுத்ததை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஏன் மாற்றினார்? அதில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சோதித்தது நான்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் வில்லை ஏந்தி, நாணை நெஞ்சளவு மட்டும் இழுத்தார். நான் கண்ணை மூடவில்லை.

இடது தோளில் தப்பென்று பட்டது. ஈரத்துணியால் அடித்த மாதிரி. வெள்ளைப் புடவையில் மஞ்சள் வட்டமாகப் பரவியது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் அப்படியே நின்றேன். ஆசாரி வில்லைத் தாழ்த்தாமல் நின்றார். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கூட்டத்திலிருந்து ஆயாதான் கத்தினாள்:

"மிஸ்ஸி, செத்துப்போயிட்டீங்க! ஒக்காருங்க!"

சேற்றில் உட்கார்ந்தேன். முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு இரண்டு படையும். தப்பு மேளம் ஒலிக்கத் தொடங்கியது. என்னைத் தாண்டி ஆட்கள் ஓடினார்கள். விதிப்படி ஆட்டம் முடியும்வரை நான் எழுந்திருக்கக் கூடாதாம். வெயில் ஏறியபோது ஒரு பெண் எனக்கு இளநீர் கொண்டுவந்து தந்தாள். யார் கொடுத்தது, என்ன கலந்தது என்று பார்க்காமல் குடித்தேன். சாயங்காலம் அண்ணன் படை கொடியைப் பிடுங்கியது. தம்பி ராஜா மஞ்சள் தண்ணீரில் நனைந்து கொடிக்கம்பத்தடியில் செத்து உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

பால்வெட்டுக்காரரின் காய்ச்சல் அடுத்த வாரம் இறங்கியது. டிஸ்பென்சரிக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள். ஆசாரி மட்டும் வரவில்லை. கண்ணில் பட்டால் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் வந்தார். துருப்பிடித்த தகரம் பாதத்தைக் கிழித்திருந்தது. ஊசி போட வேண்டும் என்றேன். கொதித்த பாத்திரத்திலிருந்து சிரிஞ்சை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"மருந்து பாட்டில காட்டுங்க."

காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தாலும் லேபிளை நெடுநேரம் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்தார். ஊசியின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தனை நாழி கொதிச்சுச்சு?"

"இருபது நிமிஷம்."

"யாரு பாத்தா?"

நான் ஆயாவைக் காட்டினேன். அவர் ஆயாவையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.